பாலம் வருமுன் ஜொகூர் நீரிணைப் படகுகள்



சென்ற வாரம் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி, "ஐயா, பாலம் இல்லாத காலத்தில் சிங்கப்பூருக்கு எப்படிப் போனார்கள்?" என்று கேட்டாள். "படகில்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் போதாது என்று பட்டது. மாசாயிலிருந்து சற்று நடந்தாலே கடல் தெரிகிறது. அந்தக் கடலின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

1903-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டேங்க் ரோட்டிலிருந்து தீவின் வட கரையிலுள்ள உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே நீர் குறுக்கிட்டது. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, நீராவிப் படகில் ஏறி, ஜொகூர் பாருவில் கரை சேர்ந்தார்கள். 1909-இல் வடக்கேயிருந்து வந்த தண்டவாளமும் ஜொகூர் பாருவை எட்டியது. இனிக் கோலாலம்பூரிலிருந்தே ரயிலில் வரலாம். ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் படகுதான்.

மனிதர் இறங்கி ஏறுவார், சரக்கு ஏறுமா? அதற்கு ஒரு வழி கண்டார்கள். தட்டையான மிதவையின் மேல் தண்டவாளம் பதித்து, சரக்குப் பெட்டிகளை அப்படியே அதன்மேல் உருட்டிவிட்டு, அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மிதவையில் ஆறு பெட்டிகள் நிற்கும். ஒரு ரயிலில் முப்பது பெட்டி என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நடை? ஐந்து நடை. திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்தோம். ஒருவன் மழை நேரத்தையும் கூட்டிக்கொண்டான்!

அந்தப் பெட்டிகளில் முக்கியமாக என்ன இருந்தது தெரியுமா? ரப்பர். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. தோட்டங்கள் பெருகின, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். விடியுமுன் எழுந்து அவர்கள் வெட்டிய பால், ஸ்டோரில் ஷீட்டாகி, ரயிலேறி, நீரிணைக் கரையில் வந்து காத்துக் கிடந்தது. மிதவைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பொறியாளர்கள் வரைபடம் போட்டார்கள், அரசாங்கம் பணம் போட்டது, உண்மைதான். ஆனாலும் பாலம் கட்டியே ஆகவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது நம் முன்னோரின் பால்வாளியே என்பது நம் எண்ணம்.

1919-இல் வேலை தொடங்கியது. பாலம் என்று நாம் சொன்னாலும் அது தூண்மேல் நிற்கும் பாலமன்று. கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. கல்லில் ஒரு பகுதி புலாவ் உபின் தீவிலிருந்து வந்தது. பாசிர் கூடாங் கரையில் நின்றால் எதிரே தெரிகிறதே, அதே தீவுதான். 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் முதல் தேதி பயணிகள் ரயிலும் அதன்மேல் ஓடின. 1924 ஜூன் 28-இல் முறைப்படி திறந்துவைத்தார்கள். ரயில் மிதவைகளுக்கு வேலை போயிற்று.

கரை வந்ததால் நீரிணை இரண்டாகப் பிரிந்தது. முன்பு கிழக்கும் மேற்கும் கலந்து ஓடிய நீர் தடைபட்டது. சிறு படகுகள் கடக்க ஜொகூர்ப் பக்கத்தில் ஒரு மதகு வைத்திருந்தார்கள். இன்று அந்த வழி இல்லை. கட்டுமானத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அந்தக் கரையை வெடிவைத்து உடைத்தார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தார்கள். எதில்? படகில்தான்.

இன்றும் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் படகிலேயே போக விரும்புகிறவர் பெங்கேராங் பக்கம் போகலாம். அங்கிருந்து சாங்கிக்கு மரப்படகுகள் ஓடுகின்றன. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அவசரமென்றால் காலி இடங்களுக்கும் சேர்த்து நீங்களே கட்டணம் கொடுக்கவேண்டும். அந்தச் சிறுமியின் வகுப்பை ஒரு பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துப்போக எண்ணியிருக்கிறோம். நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை படகு வேண்டும் என்ற கணக்கை அவர்களிடமே விட்டுவிட்டோம்.