அவரிடம் கேட்டீர்களா?

டீ சூடாக இருக்கிறது, அண்ணாச்சி, நிதானமாகவே பேசுவோம். "மனசு சரியில்லாதவுக தங்களுக்காகத் தாங்களே எப்பிடிப் பேசுவாக? வீட்டு ஆளுக பேசினாப் போதாதா?" என்று கேட்டீர்கள். கோவில்பட்டியில் எந்த டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். நீங்கள் கேலியாகக் கேட்கவில்லை என்றும் தெரியும். அப்படி ஒரு பிள்ளையை வெகுகாலமாகச் சோறு போட்டுக் காப்பாற்றி வருகிற வீடு இல்லாத தெரு நம் கரிசல் ஊர்களில் குறைவு.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறான். இருபது, இருபத்திரண்டு வயதில் தூக்கம் கெடுகிறது. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஊருக்குக் கூட்டி வருகிறார்கள். மாத்திரை சாப்பிட்டதில் குரல் அடங்குகிறது. இதுவரைக்கும் நோய். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? தீப்பெட்டி ஆபீஸில் வேலை கேட்டால், "மருந்து சமாச்சாரம் இருக்கிற இடம், வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்பா செத்தபின் நிலத்தைப் பிரிக்கும்போது அவனைத் தவிர எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும்போது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். நியாயமான காரணத்துக்குக் கோபப்பட்டாலும், "மாத்திரை போட்டியா?" என்பதுதான் பதில். நோயும் சுற்றியிருப்பவர்கள் போடுகிற இந்த அடைப்புகளும் சேர்ந்து ஓர் ஆளை முடக்கிப் போடுவதைத்தான் உளச்சமூக மாற்றுத்திறன் என்கிறோம். குரலுக்கு மாத்திரை இருக்கிறது. பூட்டுக்கு மாத்திரை கிடையாது. அதை யாராவது பேசித்தான் திறக்க வேண்டும்.

யார் பேசுவது என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விவசாயிகள் சங்கத்துக்காக வாழ்ந்த நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் இதே கோவில்பட்டியில்தான் காலமானார். கரண்டு பில் கட்டமுடியாத சம்சாரியின் கஷ்டத்தை அதிகாரி போய்ச் சொல்லட்டும், வியாபாரி போய்ச் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சம்சாரியே ரோட்டுக்கு வந்தான். மனநலத்தில் மட்டும் பாதிக்கப்பட்ட ஆளைத் தவிர மற்ற எல்லாரும் அவருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படிப் பேசிக்கொண்டே இருந்ததற்கு நாம் கொடுத்த விலை ஏர்வாடி. விளாத்திகுளம், சாயல்குடி வழியாக நம் சனங்களும் நேர்ச்சைக்குப் போகிற ஊர். தர்காவில் தங்கினால் குணமாகும் என்று நம்பி வந்த குடும்பங்கள், அதிக நாள் கூட இருக்க முடியாமல், பக்கத்தில் முளைத்த தனியார் காப்பகங்களில் ஆளை விட்டுவிட்டுத் திரும்பின. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாளேடுகளில் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன; ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள்.

சங்கிலி கழன்றது பெரிய காரியம்தான். ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், மருத்துவமனைக்கு உரிமம், நீதிபதி ஆணை போட்டுச் சேர்ப்பது, சொத்தைப் பராமரிப்பது என்றுதான் பக்கங்கள் போகும். "நீ எங்கே இருக்க விரும்புகிறாய், உனக்கு என்ன வேண்டும்" என்று அந்த ஆளிடம் கேட்கவேண்டிய கட்டாயம் அதில் எங்கும் இல்லை. இறந்தவர்களில் எத்தனை பேர் தீப்பிடிப்பதற்கு முன்பே, "என்னை அவிழ்த்துவிடு, வீட்டுக்குக் கூட்டிப்போ" என்று கேட்டிருப்பார்கள்! அதையும் நோயின் பேச்சு என்றுதானே எடுத்துக்கொண்டிருப்போம்? எனக்கு இந்த விஷயத்தில் மனசு ஆறவே இல்லை, அண்ணாச்சி.

ஏர்வாடித் தீவிபத்துக்கு ஐந்து வருஷம் கழித்து, 2006 டிசம்பரில், ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது எழுதப்பட்டபோது மனநோய் விடுதிகளில் இருந்து மீண்டவர்கள் தங்கள் அமைப்பு மூலமாக நேரில் உட்கார்ந்து வாதாடினார்கள். சட்டத்தின் முன் எல்லாரையும் போல முடிவெடுக்கும் தகுதி, ஊருக்குள் மற்றவர்களோடு வாழும் உரிமை இரண்டும் அதில் அழுத்தமாக இடம்பெற்றதற்கு அவர்கள் முக்கியமான காரணம். இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்றது.

நம் நாட்டில் இந்தப் பேச்சைத் தூக்கிச் சுமந்தவர்களில் பார்கவி தாவரை மறக்கக்கூடாது. சின்ன வயதிலேயே தன் தாய் மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவர். பின்னாளில் தானும் அந்த வேதனையை அனுபவித்தவர். 1999-இல் புனேயில் பாபு டிரஸ்ட் தொடங்கி, ஏழைகள் வாழும் சந்துகளில் வீடு வீடாகப் போய்ப் பழகும் வேலைமுறையை உண்டாக்கினார். ஆசிய நாடுகளில் இதே பாதிப்பு உள்ளவர்களை ஒரே அமைப்பாகத் திரட்டினார். 2024 மே மாதம் காலமானார். ரேஷ்மா வள்ளியப்பன் என்ற பெண் மனச்சிதைவு நோய் என்று சொல்லப்பட்ட தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே சொன்னது 2011-இல் ஆவணப்படமாக வந்து தேசிய விருது பெற்றது. இவர்கள் டாக்டருக்கு எதிரிகளா என்று சிலர் கேட்கிறார்கள். மருந்து வேண்டும் என்பவரும் உண்டு, குறைக்க வேண்டும் என்பவரும் உண்டு. எல்லாரும் ஒன்றாகக் கேட்பது இதுதான்: என்னிடம் கேட்காமல் என் விஷயத்தை முடிக்காதே.

இனி நம் கைக்கு வந்திருக்கிற சட்டம். 2017-இல் நிறைவேறி, அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இதில்தான் சரக்கு இருக்கிறது. எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று அது நேரடியாகத் தடுக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறார் என்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அதைத் தகுதியுள்ள நீதிமன்றம் தனியாகத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே பாகப்பிரிவினைக்கு அவரைக் கூப்பிடாமல் இருக்கும் வீடுகள் சட்டத்தைத் தெரியாமல் மீறுகின்றன. ஓட்டுரிமையும் அப்படித்தான்.

அதைவிட முக்கியமானது முன்கூட்டிய விருப்ப ஆவணம். ஓர் ஆள் தெளிவாக இருக்கும்போதே, "மறுபடி எனக்கு முடியாமல் போனால் இப்படிப் பாருங்கள், இப்படிச் செய்யாதீர்கள்; என் சார்பாக இன்னாரிடம் கேளுங்கள்" என்று எழுதிவைக்கலாம். அண்ணனை வேண்டாம், சித்தியை வைக்கிறேன் என்று சொல்லலாம். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. மற்ற நேரத்தில் டாக்டருக்கோ குடும்பத்துக்கோ அதில் ஒப்புதல் இல்லையென்றால் மனநலச் சீராய்வு மன்றத்துக்குப் போகவேண்டும். தாங்களாகத் தூக்கிப்போட முடியாது.

அந்த மன்றத்தில் யார் யார் உட்கார்கிறார்கள் தெரியுமா? மாவட்ட நீதிபதி நிலையில் ஒரு தலைவர், கலெக்டர் தரப்பில் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர். மிச்சம் இரண்டு இடம் மனநோய் அனுபவம் உள்ளவர்களுக்கும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும், அவர்களுடைய அமைப்புகளுக்கும், தொண்டு நிறுவனங்களுக்கும் பொது. அதாவது இரண்டு இடத்தையும் தொண்டு நிறுவனக்காரரை வைத்தே நிரப்பிவிடலாம், சட்டம் தடுக்காது. இதை ஒரு பெரிய ஓட்டையாகவே நான் பார்க்கிறேன். மாநில அளவிலான மனநல ஆணையத்தில் நிலைமை பரவாயில்லை. நோயை அனுபவித்தவர்கள் தரப்பில் இரண்டு பேர் என்று தனியாகவே இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார ஆள் வேண்டாமா? பேசிப் பழகிய ஆள் வேண்டாமா? ஊருக்கு ஊர் அனுபவப்பட்டவர்கள் கூடிப் பேசினால்தான் அப்படிப்பட்டவர் கிடைப்பார்.

கூடிப் பேசுவதன் பலன் எங்கே கண்ணுக்குத் தெரியும் என்றால், மாற்றுத்திறனாளி சான்றிதழில். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. 40 சதவீதம் வந்தால்தான் இட ஒதுக்கீடு போன்ற முக்கியமான சலுகைகள். கால் சூம்பியவருக்கு அளந்து பார்க்கலாம். இதை எப்படி அளப்பது? தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டு, எத்தனை வருஷமாக நோய் இருக்கிறது என்பதையும் சேர்க்கிறார்கள். புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மா தலைசீவி, நல்ல சேலை உடுத்திக் கூட்டி வருகிறாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றால் "நல்லா இருக்கேன்" என்கிறாள். மரியாதைக்குச் சொன்ன அந்தப் பதிலிலேயே மதிப்பெண் குறைந்துவிடலாம். இதே வழியில் ஏற்கெனவே போய் வந்த ஒருத்தி கூட இருந்தால், "நேத்து மாதிரி நாள்ல எப்பிடி இருக்கும்னு சொல்லு மதினி, வாரத்துல எத்தனை நாள் குளிக்க முடியலைன்னு சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பாள். அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை என்பதையும் அவளால்தான் உணர்த்த முடியும். அவளும் ஒருகாலத்தில் குளிக்க முடியாமல் கிடந்தவள்.

வேலை விஷயமும் அதுபோலத்தான். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஒரு பங்கு மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியவற்றுக்குச் சேர்த்து இருக்கிறது. 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநலப் பாதிப்பு காரணமாக இருக்கிற நடத்தைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் ஊதியம் குறையாமல் வேறு பணி தரவேண்டும் என்றது. நம் ஊர் அளவில் இதன் அர்த்தம் ரொம்ப எளிது. ராத்திரி மாத்திரை காலையில் எழவிடாது. சில மருந்துக்குக் கை நடுங்கும். எட்டு மணிக்கு வரச்சொல்லிக் கட்டை அடுக்கச் சொன்னால் அவரால் முடியாது. பத்து மணிக்கு வரச்சொல்லி, பண்டல் கட்டுகிற பக்கம் உட்காரவைத்தால் முடியும். எது முடியும் என்று அவரிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.

வீட்டு ஆட்கள் போதாதா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கரிசக்காட்டுக் குடும்பங்கள் பட்டபாட்டை யாரும் குறைத்துப் பேசமுடியாது. மானாவாரி வெள்ளாமையில் மிஞ்சுவது சொற்பம்; அதையும் ஏர்வாடிக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கும் டாக்டருக்கும் மாறி மாறிச் செலவழித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் சங்கம் வேண்டும், ஓய்வு வேண்டும். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது ராத்திரி நிம்மதியான தூக்கம். மகனுக்கு வேண்டியது தன் ஏடிஎம் கார்டு தன் சட்டைப்பையில் இருப்பது. தங்கச்சி கல்யாணம் முடியும்வரை விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது அப்பாவின் கவலை. கல்யாணப் பந்தியில் நாமும் பரிமாற வேண்டும் என்பது அவனுடைய ஆசை. இரண்டும் நியாயம்தான். ஒன்று இன்னொன்றுக்காகப் பேசமுடியாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கக் காத்திருப்பவர்கள் பெஞ்சில் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை உட்கார்ந்தால் போதும். அங்கே பேசுவது வெளியே போகக்கூடாது. யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடாது. ஆபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ யாரும் தனியாகப் போகக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் கூட்டம் நிலைக்கும். குஜராத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் இப்படி அனுபவப்பட்டவர்களை அரசு மருத்துவமனைகளிலேயே துணைவர்களாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மிடம் கோட்டாட்சியர் அலுவலகம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது. தூத்துக்குடியில் திங்கள்கிழமை மனுநாள் இருக்கிறது. மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டமே தருகிறது. அவசரத்துக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத்தைத் திருத்தியது. மனநலப் பாதிப்புள்ளவர்களும் மாற்றுத்திறனாளிகள்தான் என்பது பல ஊராட்சிகளில் இன்னும் யாருக்கும் நினைவில் இல்லை. உங்கள் பேச்சுக்கு ஊரில் மரியாதை உண்டு, அண்ணாச்சி. அடுத்தமுறை அந்த இடத்துக்குப் பெயர் கேட்கும்போது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வரும் உங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேளுங்கள். அவள் சரி என்றால் அவள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.