முகம் மறைத்தார், குரலால் வென்றார்

தொடக்கப்பள்ளி நாள்களில் எனக்கு ‘ழ’கரம் வராது. தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு முந்திய இரவுகளில், ‘வாழைப்பழம்’ என்ற ஒரே சொல்லை அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். இன்றும் பல்கலைக்கழக வகுப்பில் எழுந்து பேச வேண்டுமென்றால், தமிழோ ஆங்கிலமோ, நாக்கு சற்றுத் தயங்கும். அதனால்தானோ என்னவோ, திரைப்படப் பாடத்துக்காக ‘தி இன்விசிபிள் மேன்’ (1933) பார்த்தபோது கதையைவிட நாயகனின் குரல்தான் என் மனத்தில் நின்றது.

தன்னையே மறையச் செய்துகொள்ளும் விஞ்ஞானியின் கதை அது. நாயகனின் தலை முழுவதும் கட்டு போட்டிருக்கும். கட்டை அவிழ்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. நடிகரின் முகம் படத்தின் முடிவில் சில விநாடிகளே தெரியும். சிரிப்பு, சினம், வெறி எல்லாவற்றையும் குரலே சுமக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் கிளாட் ரெய்ன்ஸ். ஹாலிவுட்டில் அவருக்கு அதுவே முதல் படம். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார்.

அந்தக் குரல் பிறவியிலேயே வாய்த்ததல்ல என்று படித்தபோது வியந்தேன். 1889ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ரெய்ன்ஸ். லண்டன் உழைக்கும் மக்களின் ‘காக்னி’ பேச்சு வழக்கு அவரிடம் அழுத்தமாக இருந்தது. அத்துடன் ‘ர’ ஒலியும் சரியாக வராது. தம் குடும்பப் பெயரைச் சொல்வதே அவருக்குச் சோதனை!

சிறுவயதிலேயே நாடக அரங்கில் வேலைக்குச் சேர்ந்தார். நடிகர்களை உரிய நேரத்தில் மேடைக்கு அழைப்பது அவர் பணி. அந்த அரங்கை நடத்திய ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, பையனின் திறமையைக் கண்டு, உச்சரிப்புப் பயிற்சிக்குத் தாமே பணம் கட்டினார். முதல் உலகப் போரில் நச்சுவாயுத் தாக்குதலுக்கு ஆளாகி, ரெய்ன்ஸ் ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய முழுமையாக இழந்தார். ஆனாலும் மேடைக்குத் திரும்பினார். லண்டனின் புகழ்பெற்ற நாடகப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் பெரும் நடிகர்களான ஜான் கீல்கட், சார்ல்ஸ் லாட்டன் இருவரும் அவருடைய மாணவர்கள்.

ஹாலிவுட்டில் அவருக்குப் பெரும்பாலும் குணச்சித்திர வேடங்களே கிடைத்தன. ‘காசபிளாங்கா’வில் கையூட்டு வாங்கும் காவல் அதிகாரி, ஆனாலும் அவரை வெறுக்க முடியாது. ஹிட்ச்காக் இயக்கிய ‘நட்டோரியஸ்’ (1946) படத்தில் அவர்தான் வில்லன். ஆனால் மனைவியை உண்மையாக நேசிக்கும் வில்லன். முடிவில் தம்மைக் கொல்லக் காத்திருக்கும் கூட்டாளிகளை நோக்கி அவர் படியேறிப் போகும்போது, நாயகன் தப்பித்த மகிழ்ச்சியை மறந்து இவருக்காக வருந்தினேன். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்கு 4 முறை நியமிக்கப்பட்டும் ஒருமுறைகூட வென்றதில்லை. மேடை நடிப்புக்காக 1951ல் டோனி விருது பெற்றார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) நடித்தார். 1967ல் தமது 77வது வயதில் காலமானார்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பிறந்த தெருவின் பேச்சை மாற்றிக்கொண்டது வெற்றியா, இழப்பா? நண்பர்களிடம் ஒரு விதமாகவும் நேர்காணலில் வேறு விதமாகவும் பேசும் நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. காக்னியில் பேசினால் அன்றைய மேடையில் பெரிய வேடங்கள் கிடைப்பது கடினம். அது அந்தப் பேச்சின் குறையல்ல, மேடையின் குறை. ஆனால் ‘ர’வுக்காக அவர் பட்ட பாடு வேறு. சொல்ல நினைத்ததைத் தெளிவாகச் சொல்லும் சுதந்திரத்தை அது அவருக்குத் தந்தது. முன்னதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை; பின்னதற்காக உழைக்கலாம் என்பதே என் முடிவு.

வகுப்பில் ரெய்ன்ஸைப் பற்றியே பத்து நிமிடம் பேசினேன். இரண்டு இடங்களில் தடுமாறினேன். நின்று, மூச்சு வாங்கித் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ‘வாழைப்பழம்’ என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.