ஏசிய வாய் வாழ்த்தும்! வாழ்த்திய வாய் ஏசும்!

2025-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி. வியாழக்கிழமை இரவு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அந்தச் சின்ன ஊரில் அன்று கால் வைக்க இடம் இல்லை. அன்று தொடங்கி 3 நாட்களில் அங்கே கூடிய கூட்டம் சுமார் 6 லட்சம்!

என்ன விசேஷம்? கால்பந்துப் பந்தயமா? இல்லை. மைதானத்தில் யாரும் ஆடவில்லை. பந்தே கிடையாது.

மேடையில் ஒருவர் ஏறுவார். கையில் உள்ள சீட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படிப்பார். அவ்வளவுதான்! அந்தப் பெயரைக் கேட்கத்தான் அத்தனை கூட்டம்.

கிரீன் பே கோஷ்டியின் முறை வந்தது. அதன் தலைவர் மார்க் மர்பி மேடை ஏறினார். "மாத்யூ கோல்டன்" என்று படித்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய இளைஞர். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரர். அப்படி ஒருவரை முதல் சுற்றில் எடுக்கவேண்டும் என்று ரசிகர்கள் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2002-க்குப் பிறகு அன்றுதான் அது நடந்தது. கூட்டம் போட்ட ஆரவாரத்தில் வானம் அதிர்ந்தது!

"ஒரு பெயருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

பசித்தவனுக்கு முதல் இலை

அமெரிக்கக் கால்பந்து, பெயரில்தான் கால்பந்து. பந்து முட்டை போல நீண்டிருக்கும். பெரும்பாலும் கையில்தான் ஆட்டம். ஒருவர் வீசுவார். இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார். மற்றவர்கள் மோதித் தள்ளுவார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். கப்பலுக்கு மாலுமி எப்படியோ, அப்படி இவர்.

சம்பளம் வாங்கி ஆடும் கோஷ்டிகள் 32. கல்லூரிகளில் இருந்து ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். யாரை எந்தக் கோஷ்டி எடுப்பது? பணக்காரக் கோஷ்டிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டால், ஏழைக் கோஷ்டி என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை 1935-ல் கேட்டவர் பெர்ட் பெல். பிலடெல்பியா கோஷ்டியின் சொந்தக்காரர். அவருடைய கோஷ்டி தோற்றுக்கொண்டே இருந்தது. அவர் ஒரு யோசனை சொன்னார். "கடைசி இடத்தில் இருக்கும் கோஷ்டி முதலில் ஆளை எடுக்கட்டும். முதல் இடத்தில் இருக்கும் கோஷ்டி கடைசியில் எடுக்கட்டும்" என்பதே அந்த யோசனை. பந்தியில் பசித்தவனுக்கு முதல் இலை போடுவது போல!

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1936-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் தேர்வு நடந்தது. இதற்கு 'டிராப்ட்' என்று பெயர். தமிழில் 'ஆள் எடுப்பு' என்று சொல்லலாம்.

முதன்முதலாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர். வேடிக்கை என்னவென்றால், சம்பளம் ஒத்துவராததால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். காசுக்காக ஒரு பந்தயம்கூட ஆடவில்லை! ஆள் எடுப்பில் எதுவும் நிச்சயம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று.

ஊரே முதலாளி

மற்றக் கோஷ்டிகளுக்குக் கோடீசுவரர்கள் முதலாளிகள். கிரீன் பே கோஷ்டிக்கு அப்படி ஒருவர் கிடையாது.

இது 1919-ல் பிறந்த கோஷ்டி. இறைச்சியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்று சட்டை வாங்கப் பணம் கொடுத்தது. அதனால் 'பேக்கர்ஸ்' என்று பெயர் வந்தது. பணத்தட்டுப்பாடு வந்தபோது 1923-ல் ஊர் ஜனங்களுக்குப் பங்கு விற்றார்கள். அதன் பிறகும் பல முறை விற்றார்கள். இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகம்.

இந்தப் பங்குக்கு லாபம் கிடையாது. சந்தையில் விற்கவும் முடியாது. ஆனால் தகப்பன் தன் மகனுக்குக் கொடுக்கலாம். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள்!

பருவம் முழுவதற்கும் டிக்கெட் வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். பிறந்த குழந்தையின் பெயரைப் பதிவு செய்கிற பெற்றோரும் உண்டு.

இவ்வளவு சிறிய ஊர் நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களோடு எப்படி மோத முடிகிறது? டெலிவிஷன் மூலம் வரும் பெரும் பணத்தை எல்லாக் கோஷ்டிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல ஆட்கள் முறைப்படி பங்கு பிரிக்கப்படுகிறார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால், கிரீன் பே கோஷ்டி என்றைக்கோ வேறு ஊருக்குப் போயிருக்கும்.

ஆகவே, ஆள் எடுப்பு இவர்களுக்கு உயிர்நாடி. பங்கு ரசிகனுடையது. ஆனால் எந்த ஆளை எடுப்பது என்று முடிவு செய்பவர்கள் அதிகாரிகள். ரசிகன் செய்யக்கூடியது இரண்டே. கை தட்டலாம். அல்லது ஏசலாம்!

200-வது ஆள்

1956-ம் ஆண்டு. அலபாமா பல்கலைக்கழகக் கோஷ்டி முந்தின ஆண்டு ஆடிய 10 பந்தயங்களிலும் தோற்றிருந்தது. அந்தத் தோற்ற கோஷ்டியிலும் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் ஓர் இளைஞர். பெயர் பார்ட் ஸ்டார்.

அவரைக் கிரீன் பே எடுத்தது. எத்தனையாவது ஆளாக? 17-வது சுற்றில், 200-வது ஆளாக! ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஸ்டார் மனம் தளரவில்லை. மாமனார் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டார். தினமும் அதன் ஓட்டைக்குள் பந்தை வீசிப் பழகினார். இளம் மனைவி பந்தைப் பொறுக்கிக் கொடுத்தார்.

1959-ல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். பிறகு நடந்தது சரித்திரம். 1961 முதல் 1967 வரை, 7 ஆண்டுகளில் 5 முறை கிரீன் பே சாம்பியன்! ஐந்து முறையும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார்தான்.

1967-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி நடந்த பந்தயத்தை அந்த ஊர் இன்றும் பேசுகிறது. நீர் உறையும் நிலைக்குக் கீழே 25 டிகிரி குளிர். ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. 3 புள்ளி பின்தங்கியிருந்தது கிரீன் பே. ஸ்டார் பந்தை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே பாய்ந்து கோட்டைக் கடந்தார். வெற்றி!

இவரைப் பொறுக்கி எடுத்தவர் யார்? ஜாக் வைனிசி என்பவர். ஆள் தேடுவதே அவர் வேலை. லொம்பார்டியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களில் பலர் அவர் கண்டுபிடித்தவர்கள். அவர் 1960 நவம்பரில் காலமானார். வயது 33தான். முதல் சாம்பியன் பட்டம் கிடைத்தது அடுத்த ஆண்டு. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை!

ஊர் கொண்டாடிய பயில்வான்

இனி 1989-க்கு வருவோம். இரண்டாவது ஆளை எடுக்கும் வாய்ப்பு கிரீன் பே ஊருக்குக் கிடைத்தது. டோனி மாண்டரிச் என்ற பயில்வானை எடுத்தார்கள். எடை 300 பவுனுக்கும் மேல். அந்த உடம்போடு மான் போல ஓடினார். "இப்படி ஒருவர் பிறந்ததே இல்லை" என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஆனால் அவர் சோபிக்கவில்லை. கிரீன் பே கோஷ்டிக்கு 3 பருவங்கள்தான் ஆடினார். கல்லூரியில் ஊக்க மருந்து உட்கொண்டதையும், பிற்பாடு மதுவுக்கும் வலி மருந்துக்கும் அடிமையானதையும் 2008-ல் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பழக்கத்தில் இருந்து மீண்டு, 1996-ல் இண்டியானபோலிஸ் கோஷ்டியில் சேர்ந்து 3 ஆண்டுகள் ஆடினார் என்பதையும் சொல்லவேண்டும். மனிதன் விழுந்தால் எழ முடியும் என்பதற்கு அது சாட்சி.

ரசிகனின் வயிற்றெரிச்சல் வேறு. அன்று முதலில் எடுக்கப்பட்ட 5 பேரில் மற்ற 4 பேரும் பின்னர் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள்! மூன்றாவதாக எடுக்கப்பட்ட பாரி சாண்டர்ஸ், பக்கத்துப் போட்டியாளரான டெட்ராய்ட் கோஷ்டிக்குப் போனார். பத்து ஆண்டுகள் கிரீன் பே ரசிகர்களின் கண்ணெதிரிலேயே ஓடிக் காட்டினார்.

பெஞ்சில் மூன்று வருஷம்

2005. ஆரன் ராட்ஜர்ஸ் என்ற இளைஞர் நியூயார்க்கில் காத்திருந்தார். முதல் ஆளாக எடுக்கப்படலாம் என்று பேச்சு. ஒவ்வொரு கோஷ்டியாக அவரைத் தாண்டிப் போயிற்று. நான்கு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார். டெலிவிஷன் காமிரா அவர் முகத்தையே காட்டியது. கடைசியில் 24-வது ஆளாகக் கிரீன் பே எடுத்தது.

"நமக்குத்தான் பிரெட் பார்வ் இருக்கிறாரே! இன்னொரு குவார்ட்டர்பேக் எதற்கு?" என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். பார்வ் அந்த ஊரின் செல்லப்பிள்ளை. அவருக்குப் பின்னால் ராட்ஜர்ஸ் 3 ஆண்டுகள் காத்திருந்தார்.

2008-ல் பார்வ் ஓய்வு பெறுவதாகச் சொன்னார். பிறகு திரும்பி வர விரும்பினார். கோஷ்டி அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. வீடுதோறும் சண்டை! தகப்பன் ஒரு கட்சி. மகன் ஒரு கட்சி. பயிற்சியின்போதே ராட்ஜர்சைப் பார்த்துச் சிலர் கூச்சல் போட்டார்கள்.

2011 பிப்ரவரியில் அதே ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க் கோஷ்டியை 31-25 என்று வென்று சாம்பியன் பட்டம் கொண்டுவந்தார். ஏசிய வாயே வாழ்த்தியது.

மறுபடியும் அதே கதை

2020-ல் கொரோனா காலம். ஆள் எடுப்பு டெலிபோனிலும் கம்ப்யூட்டரிலும் நடந்தது. கிரீன் பே, 30-வது இடத்தில் இருந்து 26-வது இடத்துக்கு முன்னேற விலை கொடுத்தது. யாருக்காக? மறுபடியும் ஒரு குவார்ட்டர்பேக்! பெயர் ஜோர்டன் லவ்.

ரசிகர்கள் கொதித்தார்கள். "ராட்ஜர்ஸ் இருக்கும்போது இது என்ன வேலை? பந்து பிடிக்க ஆள் கேட்டால், பந்து வீச ஆள் எடுக்கிறார்களே!" என்றார்கள். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். ஏச்சு இரட்டிப்பாயிற்று.

2023-ல் ராட்ஜர்சும் நியூயார்க்குக்குப் போனார். லவ் பொறுப்பேற்றார். 2024 ஜனவரியில் டல்லாஸ் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 48-32 என்று தோற்கடித்தார். ஏசியவர்களில் பலர் அந்த இளைஞரின் எண் பொறித்த சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்!

கணக்கு எப்போது தீரும்?

ஆட்களை எடுக்கும் முன் எத்தனை சோதனை! உயரம், எடை, கை அகலம் எல்லாம் அளக்கிறார்கள். 40 கெஜம் ஓடவிட்டு விநாடிக் கணக்குப் பார்க்கிறார்கள். வைத்தியர்கள் மூட்டு மூட்டாகப் பரிசோதிக்கிறார்கள். பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரணை நடப்பதில்லை!

அப்படியும் தவறுகிறது. காலை அளக்கலாம், கையை அளக்கலாம். கொல்லையில் டயரைக் கட்டி வைத்துப் பழகும் மன உறுதியை எந்த அளவுகோலால் அளப்பது? பெஞ்சில் 3 வருஷம் உட்காரும் பொறுமைக்கு எந்தத் தராசு உண்டு?

2025 ஆகஸ்டில் கிரீன் பே இன்னொரு பந்தயம் கட்டியது. மைக்கா பார்சன்ஸ் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரை டல்லாசிடம் இருந்து வாங்கியது. விலை? ஓர் அனுபவசாலி ஆட்டக்காரர். அத்துடன் 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று முறைகள். நாளைய நெல்லை விற்று இன்றைக்கு மாடு வாங்கியது போல!

இது லாபமா, நஷ்டமா? கிரீன் பே ரசிகனைக் கேட்டால் உடனே பதில் சொல்லுவான். அடித்துச் சொல்லுவான். பங்குப் பத்திரம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதல்லவா!

ஆனால் வயதான ரசிகர்களுக்குத் தெரியும். ஆள் எடுத்த அன்று போடும் கணக்கு கணக்கல்ல. அது தீர ஐந்து வருஷம் ஆகும். சில சமயம் பத்து வருஷமும் ஆகும். 200-வது ஆளை அன்றைக்கு யாரும் வரவேற்கவில்லை. 2019-ல் பார்ட் ஸ்டார் காலமானபோது ஊரே கண்ணீர் வடித்தது.