வீதியில் ஓர் ஆராய்ச்சி மணி

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஹற்றனில் அலுவல் முடித்து நோர்வூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேனைச் செலுத்தியவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் கற்ற மாணாக்கர். இன்று வாடகைக்கு வண்டி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிப்பிப்பவர். டிக்கோயாவைக் கடந்து சிறிது தூரம் வந்திருப்போம். எதிரே வந்த லொறியொன்று தன் முன்விளக்குகளை இருமுறை சிமிட்டிவிட்டுச் சென்றது. அக்கணமே எங்கள் வேனின் வேகம் தணிந்தது.

"என்ன தம்பி, லொறிக்காரர் தெரிந்தவரா?" என்றேன்.

"இல்லைங்க சேர். முன்னுக்குப் பொலிஸ் நிக்குது. ஸ்பீட் கன் வச்சிருக்காங்க. அதுக்குத்தான் லைட் அடிச்சிட்டுப் போறாரு" என்றார்.

அவர் கூறியபடியே, திருப்பத்தைத் தாண்டியதும் தேயிலைச் செடிகளின் ஓரத்தில் பொலிஸ் அலுவலர் ஒருவர் கைத்துப்பாக்கி போன்றதொரு கருவியுடன் நின்றார். கோயிற் பிரகாரத்தை வலம்வரும் அடியாரைப் போல நாங்கள் அடக்கமாக அவரைக் கடந்து சென்றோம். அடுத்த திருப்பம் வந்ததோ இல்லையோ, வேன் தன் பழைய வேகத்தை மீண்டும் அடைந்தது.

எஞ்சிய வழி நெடுகிலும் என் மாணாக்கர் தம் மனக்குறைகளை எடுத்துரைத்தார். கருவியைச் செடிமறைவில் வைத்திருப்பது முறையா? வேக எல்லையைக் குறிக்கும் பலகையைக் கொடி படர்ந்து மூடியிருக்க, அதை விலக்காமல் தண்டப்பணம் மட்டும் அறவிடலாமா? செல்வர்க்கு அத்தண்டம் ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. வாடகை வண்டிக்காரனுக்கோ இரண்டு நாள் உழைப்பு. இவற்றினும் அவர் சொன்ன கடைசிக் குறையே என் நெஞ்சில் தைத்தது. "சேர், நேரான ரோட்டுல அறுபதுல போனா புடிக்கிறாங்க. வளைவுல நாப்பதுல போறவன்தான் ஆளைக் கொல்றான். அவனை எந்த மெசினும் புடிக்கிறதில்ல" என்றார்.

இக்கூற்றுக்களில் உண்மை இல்லையென்று யார் சொல்ல வல்லார்? பின்லாந்து நாட்டிலே கடுமையான வேகக் குற்றத்துக்கான தண்டம் குற்றம் புரிந்தவரின் வருவாய்க்கு ஏற்பவே விதிக்கப்படுகின்றது. நம் சாரதி கேட்பதும் அத்தகைய நியாயத்தையே. ஆயினும் வீட்டையடைந்த பின்னரும் ஒரு வினா என்னை விட்டு நீங்கவில்லை. அவர் கூறிய குறைகள் யாவும் வண்டிக்குள் இருப்பவனின் குறைகள். வண்டிக்கு வெளியே நடப்பவனின் குறையை எடுத்துரைப்பார் யார்?

வேகத்துக்கு எல்லை வகுத்தல் இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1896ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் வால்ரர் ஆர்னோல்ட் என்பவர், மணிக்கு இரண்டு மைல் என்ற எல்லையிருந்த இடத்தில் எட்டு மைல் வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டினார். பொலிஸ்காரர் ஒருவர் துவிச்சக்கரவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். அக்காலத்து வேகத்தைத் துவிச்சக்கரவண்டி வென்றது என்பதை எண்ணும்போது நகைப்பு உண்டாகின்றதன்றோ?

இதனினும் வியப்புக்குரியது, வேகத்தை அளக்கும் நவீன கருவியின் பிறப்பு. 1953இல் மொன்ரே கார்லோ மோட்டார் ஓட்டப் போட்டியில் வெற்றிவாகை சூடிய ஒல்லாந்தர் ஒருவர். மௌரிற்ஸ் கட்சோனிடிஸ் என்பது அவர் பெயர். வளைவுகளிலே தாம் எத்துணை வேகத்தில் திரும்புகிறோம் என்பதை அளந்து, இன்னும் விரைவாகத் திரும்பக் கற்கும்பொருட்டே அவர் ஒரு கருவியை அமைத்தார். விரைந்து செல்ல விரும்பியவன் ஆக்கிய அக்கருவியே, பின்னாளில் உலகெங்கும் விரைந்து செல்வோரைத் தடுக்கும் கருவியாயிற்று.

கருவி இயங்கும் முறையும் எளிதே. ஹற்றன் புகையிரத நிலையத்தை நெருங்கும் வண்டியின் ஊதல், வரும்போது கூர்மையாகவும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். இவ்வுண்மையை டொப்ளர் என்ற அறிஞர் 1842இல் விளக்கினார். வண்டியின்மீது பட்டுத் திரும்பும் வானொலி அலையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றத்தை அளந்தால் வேகம் வெளிப்படும். புதிய கருவிகள் லேசர் ஒளியைச் செலுத்தி வேகத்தை அளப்பதோடு, வண்டியைப் படமும் பிடித்துவிடுகின்றன. கொழும்பு மாநகரில் 2024 ஜனவரி முதல் கமெரா வாயிலாகவே வீதிக் குற்றங்களைக் கண்டறியும் முறை நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகள் நகர்ப்புறங்களில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அவற்றுக்கு வெளியே 70 கிலோமீற்றரும் செல்லலாம் என்பது விதி, முச்சக்கரவண்டிக்கு 40. 50க்கும் 70க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். கணக்கு அவ்வாறு கூறவில்லை. பிறேக்கை மிதித்த பின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வேகம் ஐந்தில் இரு பங்கு கூட, நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்ச்சேதம் விளைவிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவ்வாறு பெறும் ஊதியந்தான் என்ன? பத்துக் கிலோமீற்றர் வழியை 40 வேகத்தில் கடக்கப் பதினைந்து நிமிடம். 50இல் பன்னிரண்டு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம்! அம்மூன்று நிமிடத்தை நாம் எங்கே கொண்டுபோய்ச் செலவிடுகிறோம் என்பதை அவரவரே கூறல் வேண்டும்.

நிற்க. மலைநாட்டு வீதியின் இயல்பைச் சமவெளியில் வாழ்வோர் முற்றாக அறியார். எங்கள் வீதிக்கு ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். இடையே வண்டிக்கு இடம் உண்டு. மனிதனுக்கு இடம் இல்லை. லயத்தின் வாசற்படி பல இடங்களில் வீதியிலேயே இறங்குகிறது. ஆதலின் வீதிதான் எங்கள் முற்றம். தண்ணீர்க் குடத்துடன் பெண்கள் கடப்பதும் வீதி. பெரட்டுக்குப் போகும் தொழிலாளர் விடியற்பனியில் நடப்பதும் வீதி. கொழுந்து மூட்டையுடன் லொறிக்காகக் காத்து நிற்பதும் வீதி. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையாகப் பாடசாலைக்குச் செல்வதும் வீதி. மாரியம்மன் திருவிழாவில் தேர் வருவதும் அவ்வீதியே. மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அப்போது, இவ்வளைவுகளை முன்பின் கண்டறியாத சாரதிகள், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நள்ளிரவில், அடியார்களை ஏற்றிய பெரிய பஸ்களை நோர்வூட்டினூடாக மஸ்கெலியா நோக்கிச் செலுத்திச் செல்வர்.

நாங்கள் நடந்து வந்த சமூகத்தினர். எம் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். அவ்வரலாற்றின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். இன்றும் தோட்டத்தில் வாழ்வோரிற் பெரும்பாலோர் சொந்த வாகனம் இல்லாதவர்கள். வீதி விபத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும், நடப்பவன் பக்கம் நின்று சிந்திக்க வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

இலங்கையில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் வீதியிலே போகின்றன. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லவில் பஸ்ஸொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலைக் கெரண்டி எல்லவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் மற்றொரு துயரம். ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றேயாக இராது. ஆயினும், இறக்கத்தில் வேகம் எத்துணை கூடியதோ, தவற்றைத் திருத்திக்கொள்ளும் அவகாசம் அத்துணை குறைந்தது என்பது எல்லாவற்றுக்கும் பொது.

2017 மே 12ஆம் திகதி எங்கள் நோர்வூட் மைதானத்திலே இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி உரையாற்றியபோது, 1990 என்னும் அவசர அம்புலன்ஸ் சேவையை ஏனைய மாகாணங்களுக்கும் விரிப்பதாக அறிவித்தார். அடிபட்டவனை விரைந்து ஏற்றிச் செல்லும் அவ்வண்டியின் அருமையை யாவரும் அறிவர். ஆயினும் அஃது அடிபட்ட பின் வரும் உதவி.

ஈண்டு மனுநீதிச் சோழன் வரலாறு நினைவுக்கு வருகின்றது. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரேறிச் சென்றான். கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு வந்து அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்தது. சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்திலே விரித்துரைத்துள்ளார். அமைச்சர் அரசகுமாரனுக்காகப் பரிந்து பேசுகின்றனர்; கன்றுதான் வந்து தேர்க்காலில் அகப்பட்டது என்கின்றனர். "பிள்ளை குறுக்கே பாய்ந்துவிட்டது" என்று இன்று நாம் கேட்கும் சொல்லும் அதுவேயன்றோ? சோழன் அளித்த தண்டனையை இன்று எவரும் வேண்டார். ஆனால் அவன் வழக்கைக் கேட்ட முறை எண்ணத்தக்கது. தேரில் இருந்தவனின் நியாயத்தோடு அவன் அமைந்துவிடவில்லை. வீதியில் நின்ற பசுவின் நியாயத்தையும் கேட்டான்.

அம்மணிக்கு ஒரு குறை உண்டு. கன்று இறந்த பின்னரே அது ஒலித்தது. வீதியோரத்தில் நிற்கும் இக்கருவியோ, கன்று இறக்குமுன் ஒலிக்கும் மணி. பேசத் தெரியாத, வழக்காட வசதியில்லாத, தன் பக்கம் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாத நடையாளனுக்காக அஃது ஒலிக்கின்றது. அதனாலேயே என் மாணாக்கரின் குறைகளில் ஒருபாதியை ஏற்றும், கருவியே வேண்டாம் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. மறைவில் அன்று, வெளிப்படையாக நிற்கட்டும். பாடசாலை வாயிலிலும் லயங்களின் அருகிலும் நிற்கட்டும். பலகைகளைக் கொடிகள் மூடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் நிற்கட்டும்.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு உண்டா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஹற்றனில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டமொன்றுக்குப் புறப்பட்டேன். மழையினால் தாமதமாகிவிட்டது. "தம்பி, கொஞ்சம் வேகமாகப் போங்கள், நேரமாகிறது" என்று வேன் சாரதியைத் தூண்டியவன் நானே. ஒரு திருப்பத்தில், குடையுடன் நடந்து வந்த சிறுமி வண்டியைக் கண்டு கானுக்குள் பாய்ந்தாள். குடை வீதியில் உருண்டது. சாரதி கண்ணாடியில் பார்த்தார். "ஒன்னும் இல்லைங்க சேர், எந்திரிச்சிட்டா" என்றார். அவர் நிறுத்தவில்லை, நிறுத்துமாறு நானும் சொல்லவில்லை.

அன்று நான் பேசிய பொருள் முல்லைத் திணை. அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, வினைமுடித்து மனைவியிடம் மீளும் தலைவன், மலர்களில் துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருவதைக் குறுங்குடி மருதனார் பாடியுள்ளார். அவசரம் மிக்கவனுக்கும் சிற்றுயிர்மேல் இத்துணைக் கருணையா என்று வியந்து ஒரு மணி நேரம் பேசினேன். சபையோர் கைதட்டினர்.

திங்கட்கிழமை, முழங்கையில் கட்டுடன் அச்சிறுமி என் வகுப்பில் அமர்ந்திருந்தாள். பாடம் முடிந்ததும் அருகே வந்தாள்.

"சேர், சனிக்கிழமை நீங்களும் அந்த வேன்லதானே இருந்தீங்க?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

"கூட்டத்துக்கு நேரத்துக்குப் போயிட்டீங்களா சேர்?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஆசிரியர்மீது உள்ள அக்கறையே இருந்தது. அவ்வினாவுக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. அன்று எனக்குத் தண்டம் விதிக்க எந்தக் கருவியும் வீதியில் நிற்கவில்லை. இத்தனை வளைவுகளிலும் கருவி வைத்தல் எந்த அரசாலும் ஆகாது. எஞ்சிய இடங்களிலே மணியை நாமே நம்முள் கட்டிக்கொண்டு செல்லல் வேண்டும். சாரதி மட்டுமன்று, பின்னால் அமர்ந்து அவரை விரைவுபடுத்துகின்ற நாமும்.

சென்ற வாரம் அதே மாணாக்கரின் வேனில் மீண்டும் பயணம் செய்தேன். இக்கதையை அவருக்குச் சொன்னேன். சிறிது தூரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் நான் கேட்டேன்: "பொலிஸ் நின்றால் ஒருவருக்கொருவர் விளக்கைச் சிமிட்டிக் காட்டுகிறீர்களே, வளைவுக்கு அப்பால் பிள்ளைகள் நடந்து வந்தால் ஏன் சிமிட்டக்கூடாது?"

அவர் சிரித்தார். "செஞ்சு பாக்கலாம் சேர். ஆனா எதுக்க வர்றவன் பொலிஸ் நிக்குதுன்னுதான் நெனைப்பான்" என்றார்.

"நினைக்கட்டுமே. வேகம் குறையுமல்லவா?" என்றேன்.