வாசனை வேறு, சுத்தம் வேறு

ஹைதராபாத் நகரின் மேற்கு ஓரத்தில் ராமச்சந்திராபுரம் இருக்கிறது. 1960-களில் அங்கே பெல் தொழிற்சாலை வந்தது. மின்சாரம் உண்டாக்கும் பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை அது. வேலைக்காகப் பல மாநிலத்தாரும் அங்கே வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள்.

பண்டிகைக்குச் சொந்த ஊர் போக வேண்டும். வீட்டில் நாய் இருக்கிறது. அதை யார் பார்த்துக்கொள்வது? இதற்காகவே இப்போது நகரங்களில் நாய் விடுதிகள் இருக்கின்றன. நாள் கணக்கில் பணம் கட்டி நாயை விட்டுப் போகலாம். திரும்பி வந்து அழைத்துக்கொள்ளலாம்.

அந்த விடுதியை யார் கழுவுகிறார்கள்? நாம் யோசிப்பதே இல்லை.

ராமச்சந்திராபுரத்தில் அப்படி ஒரு விடுதி இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அங்கே எட்டுக் கூண்டுகள். கழுவுவது ஓர் அக்கா. தினமும் ஒவ்வொரு கூண்டிலும் பினாயிலை ஊற்றுகிறார். ஒருநாள் வாசனை குறைவாக இருக்கிறது. நாயை விட வந்தவர் கேட்கிறார்:

"என்னம்மா, பினாயில் வாசனையே வரவில்லையே? கழுவினீர்களா இல்லையா?"

மறுநாள் அக்கா இரண்டு மடங்கு ஊற்றுகிறார். கை எரிகிறது. கண்ணில் நீர் வருகிறது. நாய் தும்முகிறது.

வாசனை வந்தால் சுத்தம் என்று பொருளா? இல்லை. வாசனை, நாற்றத்தை மறைக்கும். அழுக்கை எடுக்காது.

நாய் நக்கும், நாம் நக்க மாட்டோம்

நாய்க்குச் செருப்பு இல்லை. தரையில் உள்ளது அதன் பாதத்தில் ஒட்டும். பிறகு பாதத்தை நக்கும். தரையில் ஊற்றிய மருந்து அதன் வயிற்றுக்குள் போய்விடும். கறுப்புப் பினாயில் தோலைப் புண்ணாக்கும். வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். பூனைக்கு அது இன்னும் கொடிய விஷம்.

கழுவுபவருக்கும் கேடுதான். கையில் வெடிப்பு, தோலில் அரிப்பு, இருமல் எல்லாம் வரும்.

இதை ஒருபோதும் செய்யாதீர்கள்

"இரண்டு மருந்தைக் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும்" என்று சிலர் நினைக்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்து.

பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-ல், எதிரிப் படையைக் கொல்ல இதே வாயுவைத்தான் பயன்படுத்தினார்கள். சின்ன அறையில், கதவு சாத்தியிருந்தால், ஒரு வாளி கலவையே போதும்.

வினிகரையும் பிளீச்சிங்கோடு கலக்கக் கூடாது. மூத்திரம் கிடக்கும் தரையில் நேராகப் பிளீச்சிங் போடவும் கூடாது. அப்போதும் கெட்ட வாயு வரும்.

தவறிக் கலந்துவிட்டால் என்ன செய்வது? உடனே வெளியே ஓடி வாருங்கள். நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோப்பு எப்படி வேலை செய்கிறது?

2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஏன்? கொரோனா கிருமியைச் சுற்றிக் கொழுப்பால் ஆன உறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைக்கிறது அல்லவா? அதேபோல் அந்த உறையையும் உடைத்துவிடும். உறை போனால் கிருமி செத்துவிடும்.

வெறிநாய்க்கடி நோய்க் கிருமிக்கும் இப்படி உறை உண்டு. அதனால்தான் நாய் கடித்தால் முதலில் புண்ணைக் கழுவச் சொல்கிறார்கள். சோப்புப் போட்டு, குழாய் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நகம் கீறினாலும் இப்படியே செய்ய வேண்டும். விடுதியில் வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஐந்து படிகள்

கூண்டைக் கழுவ விலை உயர்ந்த மருந்து வேண்டாம். வரிசை முக்கியம்.

1. நாயை வெளியே கட்டுங்கள். தட்டு, சாக்கு, துணி எல்லாவற்றையும் எடுங்கள்.

2. மலத்தைத் தகரத்தால் வழித்து அள்ளுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் அழுக்கு எங்கும் பரவும்.

3. தண்ணீர் ஊற்றி மூத்திரத்தைக் கழுவி விடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேயுங்கள். மூலைகளை விடாதீர்கள்.

4. நல்ல தண்ணீரால் சோப்புப் போகும்வரை அலசுங்கள்.

5. தண்ணீரைத் தள்ளிவிட்டு, தரையைக் காய விடுங்கள். காய்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள். துணியை வெயிலில் போடுங்கள்.

சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டையும் உதவும். தெலுங்கில் இதைக் குங்குடுகாய என்பார்கள். தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். கொட்டையை நீக்கி, தோலை இரவில் ஊறப் போட வேண்டும். காலையில் கொதிக்க வைத்து வடிகட்டினால் நுரை வரும். அது அழுக்கை எடுக்கும். ஆனாலும் நன்றாக அலச வேண்டும்.

மூத்திர நாற்றம் போகவில்லையா? ஒரு பங்கு வினிகரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடையுங்கள். அல்லது காய்ந்த தரையில் சமையல் சோடாவைத் தூவி, கால் மணி நேரம் கழித்துப் பெருக்குங்கள். இவை நாற்றத்தை எடுக்கும். கிருமியைக் கொல்லும் என்று இவற்றை நம்ப வேண்டாம்.

ஈரம்தான் எதிரி

எலிக்காய்ச்சல் கிருமி மூத்திரத்தில் இருக்கும். ஈரத்தில் பல நாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெடிப்பு வழியாக மனிதருக்குள் நுழையும். தரை காய்ந்தால் அது செத்துவிடும்.

கொக்கிப்புழுவின் முட்டை நாய் மலத்தில் வரும். ஈர மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். பிறகு வெறுங்காலில் துளைத்து ஏறும். தினமும் மலத்தை அள்ளினால் அதற்கு வழியே இல்லை.

ஆகவே கழுவும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். இவற்றை விடுதிக்காரர் வாங்கித் தர வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சோப்பு போதாத நேரம்

பார்வோ என்று ஒரு நோய் உண்டு. 1978-ல் உலகமெங்கும் பரவியது. குட்டிகள் வாந்தி எடுக்கும். ரத்தமாகப் பேதியாகும். பல குட்டிகள் இறந்துவிடும். இந்தக் கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்புக்குச் சாகாது. மாதக் கணக்கில் தரையில் இருக்கும்.

அப்போது மட்டும் பிளீச்சிங் திரவம் வேண்டும். முதலில் ஐந்து படிகளையும் முடியுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி திரவம் கலந்து ஊற்றுங்கள். 10 நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். கதவு திறந்திருக்கட்டும். நாய் வெளியே இருக்கட்டும்.

இதைவிட நல்ல வழி தடுப்பூசி. ஊசி போட்ட நாயை மட்டும் விடுதியில் சேர்க்க வேண்டும்.

நாய்கள் கூட்டமாக இருக்கும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். சென்னையில் 1959-ல் புளூ கிராஸ் தொடங்கியது. ஹைதராபாத்தில் 1992-ல் நடிகை அமலா ஒரு புளூ கிராஸைத் தொடங்கினார். இப்படிப்பட்ட காப்பகங்களில் நோயுற்ற நாய்களும் வந்து சேரும். அங்கே கழுவும் வேலை இன்னும் பெரியது.

தண்ணீர் எங்கே போகிறது?

நாம் ஊற்றியது சாக்கடைக்குப் போகும். அங்கிருந்து ஓடைக்குப் போகும். ராமச்சந்திராபுரத்துக்குப் பக்கத்தில் பட்டான்சேரு இருக்கிறது. அங்குள்ள ரசாயனத் தொழிற்சாலைகளின் கழிவால் நக்கவாகு என்ற ஓடை கெட்டது. கரையோரக் கிராமத்தார் நெடுங்காலம் துன்பப்பட்டார்கள். ஒரு விடுதியின் பினாயில் அவ்வளவு பெரிதல்ல. ஆனால் வேண்டாத மருந்தை ஊற்றாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இனி அந்த அக்காவிடம் யாராவது "வாசனை வரவில்லையே" என்று கேட்டால் என்ன சொல்வார்?

"தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லை. குனிந்து முகர்ந்து பாருங்கள். நாற்றமும் இல்லை, மருந்து வாசனையும் இல்லை. அதுதான் சுத்தம்."

உங்கள் வீட்டில் கழுவும் மருந்துகள் என்னென்ன இருக்கின்றன? அவற்றின் மேல் எழுதியிருப்பதை இன்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.