ரெண்டுமே பிஜி படம்தான்... ஒன்றுக்கு எதிர்ப்பு, ஒன்றுக்கு வரவேற்பு ஏன்? கிறிஸ்தவப் பெற்றோரின் கணக்கு

வார இறுதியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேணும். அமெரிக்காவில் பெற்றோர் முதலில் தேடுவது ரேட்டிங்கைத்தான். நம்மூர் யு, யுஏ 7+, யுஏ 13+ மாதிரி அங்கே ஜி, பிஜி, பிஜி-13, ஆர். 1968இல் தொடங்கிய முறை இது; பிஜி-13 மட்டும் 1984இல் சேர்ந்தது. வன்முறை, கெட்ட வார்த்தை, நிர்வாணம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ரேட்டிங் சொல்லிவிடும். அதோடு சரி.

கிறிஸ்தவப் பெற்றோர் பலருக்கு இது போதவில்லை. ஏன்?

2001இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தையும், 2005இல் வந்த முதல் நார்னியா படத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே பிஜி. இரண்டிலும் மந்திரம் உண்டு, குழந்தைகள் பயப்படும் காட்சிகளும் உண்டு. ஆனால் ஹாரி பாட்டருக்கு சில சபைகளில் கடும் எதிர்ப்பு. நார்னியாவுக்கோ சபைகளே மொத்தமாக டிக்கெட் வாங்கின.

சூனியம், குறி பார்த்தல் எல்லாம் கூடாது என்கிறது பைபிளின் உபாகமம் 18ஆம் அதிகாரம். ஹாரி பாட்டரில் நல்ல பிள்ளைகளே பள்ளிக்கூடம் போய் மந்திரம் படிக்கிறார்கள். நார்னியாவில் சூனியக்காரிதான் வில்லி. ஆஸ்லான் என்ற சிங்கம், துரோகம் செய்த சிறுவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்து, மறுபடி எழுகிறது. இது யாருடைய கதை என்று ஞாயிறு பள்ளிக்குப் போகும் குழந்தைக்கே தெரியும். ஆக, மந்திரம் எவ்வளவு என்பதல்ல கேள்வி. படம் எதை நல்லது என்று காட்டுகிறது என்பதுதான்.

இந்தக் கணக்கிலும் எல்லோருக்கும் ஒரே விடை வருவதில்லை. ஹாரியைக் காப்பாற்றுவது அம்மாவின் தியாகம்தானே என்று அந்தப் படத்தை ரசித்த கிறிஸ்தவப் பெற்றோரும் நிறைய. 2007இல் வந்த கடைசி நாவலில் கல்லறைகளின் மேல் பைபிள் வசனங்களே இருந்தன.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 'பிளக்டு இன்' என்ற விமர்சனத் தளத்தை நடத்துகிறது 'ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி' என்ற கிறிஸ்தவ அமைப்பு. நல்ல அம்சங்கள், ஆன்மிகம், வன்முறை, மது என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, கெட்ட வார்த்தைகளைக்கூட எண்ணிச் சொல்லிவிடுவார்கள். சிரிப்பாக இருக்கலாம்; ஆனால் படம் ஓடும்போது ரிமோட்டைத் தேடுவதைவிட இது மேல்.

உண்மையான சிக்கல் 2004இல் வந்தது. இயேசுவின் கடைசி மணி நேரங்களைச் சொன்ன மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' படத்துக்குக் கிடைத்தது 'ஆர்'. அதாவது, 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். 'ஆர்' படம் என்றாலே ஒதுங்கும் குடும்பங்கள், சபையோடு சேர்ந்து தியேட்டருக்குப் போயின. சாட்டையடிக் காட்சி நீண்டு நீண்டு போகும். விசுவாசத்துக்கு ஏற்ற படம் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை அதன் முன் உட்கார வைக்கலாமா? வீட்டுக்கு வீடு பதில் வேறாக இருந்தது.

அடுத்த ஆண்டே, கொடூரமான காட்சிகளைச் சில நிமிடங்கள் குறைத்து மறுபடி வெளியிட்டார் கிப்சன். அப்போதும் பிஜி-13 கிடைக்கவில்லை. ரேட்டிங் இல்லாமலேதான் வந்தது.