சதுப்பு நிலம் காலி மனை இல்ல

நவம்பர் வந்தாலே வேளச்சேரிக்காரங்க காரை மேம்பாலத்துல ஏத்தி நிறுத்துறதைப் பார்த்திருப்பீங்க. மழை ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போயிடுறோம். இதே தண்ணி முன்னாடி எங்க போய் நின்னுச்சு?

பள்ளிக்கரணையில. ஊர்க்காரங்க அதைக் கழுவெளின்னு சொல்வாங்க. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியுற தண்ணி இங்கதான் வந்து சேரும். தாழ்வான நிலம், அதனால தண்ணியைப் பரப்பி வாங்கி வெச்சுக்கும். மிச்சத்தை ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மெதுவா அனுப்பும். அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல்.

ஆனா ரொம்ப காலமா நாம இதை 'தரிசு'ன்னுதான் பார்த்தோம். சும்மா கிடக்கிற இடம்தானேன்னு குப்பைக் கிடங்கு, ரோடு, கட்டடம்னு வரிசையா வந்துச்சு. பெரும்பகுதி போன பிறகு, 2022-ல ராம்சர் தளம்னு அங்கீகாரம் கிடைச்சுது.

அது நல்ல விஷயம். ஆனா சதுப்பைச் சுத்தி மட்டும் கோடு போட்டா பத்தாது. மேல ஏரி வாய்க்காலை அடைச்சா தண்ணி தெருவுக்குள்ள வரும். கீழ மடுவைக் குறுக்கினா வந்த தண்ணி வடியாது.

அடுத்த தடவை வீடு பார்க்கப் போறப்ப, மெட்ரோ எவ்வளவு தூரம்னு கேக்கிறதோட இதையும் கேளுங்க: "மழைத்தண்ணி முன்னாடி இந்த வழியாவா போச்சு?"